மூக்கருகே அமோனியாப் பஞ்சைக் கொண்டுபோகும் முன்

நெல்லைச் சீமையின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இரவு பகலாக நிற்கும் டாக்டர்களுக்கும், ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும், பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற செவிலியர். 32 வருடம் அரசு வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் காஷுவால்டியில்தான் போனது. உங்கள் பாடு எனக்குத் தெரியும். நாற்கரச் சாலையில் அடிபட்டவர், பூச்சிமருந்து குடித்தவர், வயலில் பாம்பு தீண்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் என்று ஒரே ராத்திரியில் எல்லாரும் வருவார்கள். அந்த நேரம் பார்த்து, கண்ணை இறுக மூடிக் கைகாலை உதறும் ஒரு பெண்ணைப் பத்துப் பேர் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். அவளைப் பற்றித்தான் இந்த மடல்.

1994 ஐப்பசி, அடைமழை. எந்த ஊர் ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஒரு வாடகை வேனில் பத்தொன்பது வயதுப் பெண்ணைக் கொண்டுவந்தார்கள். கல்யாணமாகி நாலு மாதம். உடம்பு வில்லாக வளைந்து வளைந்து விழுகிறது, தலை இடமும் வலமுமாக ஆடுகிறது. இமையை விலக்கப் போனால் இன்னும் இறுக்குகிறாள். டியூட்டி டாக்டர் அவள் நெஞ்செலும்பில் விரல் முட்டியை வைத்து அழுத்திப் பார்த்தார். "எச்.சி.ஆர்., சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மனசால் வருகிற வலிப்பு, பாதி நடிப்பு என்று நாங்கள் நினைத்திருந்த ஹிஸ்டீரியாவுக்கு நாம் கேஸ் ஷீட்டில் எழுதும் மூன்று எழுத்து. அதற்கு மேல் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பஞ்சை அமோனியாவில் நனைத்து அவள் மூக்கில் வைத்தேன். மூச்சை உள்ளே இழுக்கட்டும் என்று வாயைக் கையால் பொத்தினேன்.

அவள் திணறி, இருமி, கண்ணைத் திறந்தாள். உதறல் நின்றது. வாசலில் நின்ற மாமியார், "நான் அப்பமே சொன்னேம்லா, இவ நடிக்கான்னு" என்றாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. புகுந்த வீட்டில் அந்தப் பெண் இனி என்ன சொன்னாலும் எடுபடாதபடி ஒரு சான்றிதழை நாங்கள் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டோம். அவள் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது என் முகத்தைத்தான். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அதற்கு அப்புறமும் இருபது வருடத்துக்கு மேல் அதே பஞ்சை அதே மாதிரி எத்தனையோ மூக்கில் வைத்திருக்கிறேன். சரியான வைத்தியம் என்றே நினைத்திருந்தேன்.

ஓய்வுபெற்ற பிறகுதான் படிக்க நேரம் கிடைத்தது. படித்ததும் தூக்கம் போயிற்று. ஏன் என்று சொல்கிறேன்.

ஹிஸ்டீரியா என்ற சொல் கருப்பைக்கான கிரேக்கச் சொல்லான 'ஹிஸ்டெரா'விலிருந்து பிறந்தது. ஹிப்போக்ரட்டிஸின் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ நூல்களின்படி கருப்பை இருந்த இடத்தில் இருக்காது, உடம்புக்குள் நகரும். மேலே ஏறி நெஞ்சை அடைத்தால் மூச்சு முட்டும், பேச்சு நின்றுபோகும். பிளேட்டோவும் அதைப் பிள்ளை பெற ஏங்கும் ஓர் உயிர் என்றே எழுதிவைத்தார். அதற்கு அவர்கள் செய்த வைத்தியம் வாடை. மூக்கில் கெட்ட நாற்றம் காட்டினால் கருப்பை அதை வெறுத்துக் கீழே இறங்கும், கீழே நல்ல வாசனை காட்டினால் அதைத் தேடித் தன் இடத்துக்குப் போய்ச் சேரும் என்பது அவர்கள் கணக்கு. கருப்பை நகராது என்று பின்னால் உடலை அறுத்துப் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். வாடை வைத்தியம் மட்டும் போகவில்லை. இறகைக் கருக்கி மோக்கவைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பெண்கள் அமோனியா உப்பை ஒரு சிறு குப்பியில் போட்டுக் கூடவே வைத்திருந்தார்கள். நம்மூரிலும் வலிப்பு வந்தால் செருப்பை மோக்கவைக்கிறார்கள், வெங்காயத்தைக் கசக்குகிறார்கள். 1994இல் என் கையில் இருந்த பஞ்சு எங்கிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்கும் புரியும். அலையும் கருப்பை என்ற கதை எப்போதோ செத்துப்போய்விட்டது. அதன் வைத்தியம் நம் டிராலியின் இரண்டாவது தட்டில், டிங்சர் பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது.

அழுத்தியும் கிள்ளியும் பார்ப்பதும் பழைய சங்கதிதான். 1602இல் லண்டனில் மேரி குளோவர் என்று ஒரு பதினாலு வயதுச் சிறுமி. எலிசபெத் ஜாக்சன் என்ற கிழவி அவளைத் திட்டிச் சபித்திருக்கிறாள். அதிலிருந்து சிறுமிக்குத் தொண்டை அடைத்தது, வலிப்பு வந்தது. கிழவி சூனியம் வைத்துவிட்டாள் என்று வழக்கு. சிறுமி நடிக்கிறாளா என்று பார்க்க, அவள் கையைத் தீயால் சுட்டுப் பார்த்தார்கள். எட்வர்ட் ஜோர்டன் என்ற மருத்துவர் கோர்ட்டில் நின்று, இது சூனியம் இல்லை, இயற்கையான நோய் என்றார். நீதிபதி கேட்கவில்லை, கிழவிக்குத் தண்டனை விழுந்தது. அடுத்த வருடமே ஜோர்டன் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். அவரும் கருப்பையைத்தான் காரணம் காட்டினார். ஆனாலும் ஊரே பேய் என்று சொன்ன நேரத்தில் நோய் என்று சொல்ல ஒரு டாக்டர் கோர்ட் ஏறினாரே, அது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நினைவு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க ஒருமுறை அழுத்துவது நம் வேலை. அதில் தப்பில்லை. இன்னதுதான் என்று முடிவு செய்த பிறகும் பாடம் புகட்டுவதற்காகத் திரும்பத் திரும்ப அழுத்துவதும், சொல்லக் கூசும் இடங்களில் கிள்ளுவதும் மேரி குளோவரின் கையில் வைத்த தீதான். நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

17ஆம் நூற்றாண்டிலேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் கருப்பையை விட்டுவிட்டு மூளையையும் நரம்பையும் காட்டிவிட்டார். அவர் காலத்தவரான தாமஸ் சிடனம், இது எந்த நோயின் உருவத்திலும் வரும், ஆண்களையும் விடாது என்று எழுதினார். 1859இல் பாரிஸில் பால் பிரிக்கே, தான் பார்த்த 430 நோயாளிகளை வைத்து ஒரு பெரிய நூலே எழுதி, இது மூளையின் நோய் என்றார். இவ்வளவு சீக்கிரம் சொல்லப்பட்டும் அந்தப் பழைய பெயரை யாரும் விடவில்லை.

ழான் மார்ட்டின் ஷார்கோவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பாரிஸின் சால்பெத்ரியேர் ஆஸ்பத்திரியில் இருந்தவர். தண்டுவட நோய்களையும் கைகால் நடுக்க நோய்களையும் பிரித்து அடையாளம் காட்டி, நரம்பியல் என்ற துறைக்கே அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். மற்ற நோயாளிகள் இறந்ததும் மூளையை அறுத்துப் பார்த்தால் புண்ணோ தழும்போ தென்படும். ஹிஸ்டீரியா நோயாளிகளிடம் ஒன்றும் தென்படவில்லை. அதனால் அவர் இதைப் பொய் என்று தள்ளிவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத, செயலில் மட்டும் ஏற்படும் கோளாறு ஒன்று மூளையில் இருக்கத்தான் வேண்டும் என்றார். நுண்ணோக்கிக்கு மேல் கருவி இல்லாத காலத்தில் சொன்னார். ரயில் விபத்தில் சிக்கிய கூலித் தொழிலாளிகளுக்கும் கைகால் செயலற்றுப்போவதைக் காட்டி, ஆண்களுக்கும் இது வரும் என்று நிறுவினார்.

அதே மனிதர் செய்த இன்னொன்றும் உண்டு. நோயாளிப் பெண்களை மேடையேற்றி, கூட்டத்துக்கு முன்னால் ஹிப்னாடிசத்தால் மயக்கத்தில் ஆழ்த்தி, வலிப்பை வரவழைத்துக் காட்டினார். 1887இல் ஆந்த்ரே புரூயே வரைந்த பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. பிளான்ஷ் விட்மன் என்ற பெண் மயங்கிச் சரிகிறாள். பின்னால் பபின்ஸ்கி தாங்கிப் பிடித்திருக்கிறார், உள்ளங்காலைக் கீறிப் பார்ப்பதற்கு யார் பெயரைச் சொல்கிறோமோ அந்த பபின்ஸ்கிதான். எதிரே வரிசையாகக் கோட்டு போட்ட ஆண்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அகஸ்டின் என்ற இன்னொரு பெண்ணை விதவிதமான நிலையில் போட்டோ எடுத்துப் புத்தகமாகப் போட்டார்கள். அவள் 1880இல் ஆண் வேடம் போட்டுக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியை விட்டுத் தப்பி ஓடினாள். அந்த ஓவியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு டீச்சிங் ரவுண்டு ஞாபகம் வரும். கட்டிலைச் சுற்றிப் பதினைந்து மாணவர்கள், நடுவில் தாவணியைச் சரிசெய்யக்கூடக் கை வராத ஒரு பிள்ளை.

ஷார்கோவிடம் 1885இல் படிக்கப் போனவர்களில் ஒருவர் பிராய்டு. பிராயர் என்ற மருத்துவரோடு சேர்ந்து அவர் 1895இல் வெளியிட்ட நூலில், அடக்கிவைத்த மனவேதனை உடம்பின் நோயாக மாறுகிறது என்றார். அந்த நூலில் அன்னா ஓ. என்று வருகிற பெண்ணின் உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பென்ஹைம். கை விழுந்து, தாய்மொழி மறந்து படுத்திருந்த அந்தப் பெண் பின்னாளில் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்காக ஒரு சங்கமே கட்டினார். பிராய்டு நோயாளியின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கவைத்தார். அது பெரிய காரியம். ஆனால் அதற்கு அப்புறம் நரம்பு டாக்டர்கள், இது எங்கள் வேலை இல்லை என்று கையைக் கழுவினார்கள். மனநல டாக்டர்கள், உன் மனசுக்குள் ஒளித்துவைத்திருப்பதைச் சொல் என்று உட்கார்ந்தார்கள். சொல்ல ஒன்றும் இல்லாத நோயாளிக்குப் போக்கிடம் இல்லாமல் ஆயிற்று.

முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்களுக்குக் கை நடுங்கியது, கால் விழுந்தது, பேச்சு நின்றது. சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915இல் அதைக் குண்டு அதிர்ச்சி என்ற பெயரில் எழுதினார். ஆண்களுக்கு வந்ததும் பெயர் மாறிவிட்டது, கவனித்தீர்களா? நம் காஷுவால்டியிலும் அதுதான் நடக்கிறது. அதே உதறல் ஒரு லாரி டிரைவருக்கு வந்தால் நாம் ஹிஸ்டீரியா என்று எழுத யோசிப்போம். ஃபிட்ஸ் என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்புவோம். அவரும் வருடக்கணக்கில் தனக்கு இல்லாத நோய்க்கு மாத்திரை தின்பார்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1965இல் எலியட் ஸ்லேட்டர் என்ற லண்டன் மனநல மருத்துவர், ஹிஸ்டீரியா என்று முத்திரை குத்தப்பட்டவர்களைச் சில வருடம் கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார். நிறையப் பேருக்கு வேறு நோய் இருந்தது, சிலர் செத்தே போயிருந்தார்கள். அந்தச் சொல் மருத்துவரின் அறியாமையை மூடும் போர்வை என்று எழுதினார். டாக்டர்கள் மனதில் அந்தப் பயம் ஆழமாக இறங்கிவிட்டது. 2005இல் ஜான் ஸ்டோன் என்ற நரம்பியல் மருத்துவரும் கூட்டாளிகளும் இப்படிப்பட்ட ஆய்வுகள் அனைத்தையும் திரட்டிக் கணக்கெடுத்தார்கள். நோயைத் தப்பாகச் சொன்னது 1950களில் நூற்றுக்கு 29, 1960களில் 17, 1970களுக்குப் பிறகு 4. மற்ற நரம்பு நோய்களிலும் அந்த அளவு தப்பு நடக்கத்தான் செய்கிறது. ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தால் இதை உறுதியாகச் சொல்ல முடியும் என்பதுதான் அந்தக் கணக்குக்கு அர்த்தம்.

அந்தச் சோதனை ஒன்றை நான் கண்ணால் பார்த்தேன்.

எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகள். ஆற்றுப் படித்துறையில் துணி துவைக்கப் போனவள் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் பிசகிவிட்டது. வீக்கம் வடிந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் வலது கால் முழுக்க வரவில்லை. தரையில் இழுத்து இழுத்து நடந்தாள், அப்புறம் அதுவும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது. "ஒண்ணும் இல்லம்மா, போங்க" என்றார்கள். இந்த 'ஒண்ணும் இல்ல' என்கிற வார்த்தையை நானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அது அந்த வீட்டுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தேன். புருஷன் பேசுவதை நிறுத்தினான். மாமியார், "பின்னால நடக்கச் சொன்னா நடக்கா அத்தே, முன்னால மட்டும் கால் வராதாம்" என்று என் வாசலில் வந்து நின்று சொன்னாள். பேய்க் கோளாறு என்று கொஞ்ச நாள் மந்திரித்தார்கள். உவரி அந்தோணியார் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள், பொட்டல்புதூர் தர்காவுக்கும் கூட்டிப்போனார்கள். யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். நம் கதவு அடைபட்டால் அவர்கள் வேறு எங்கே போவார்கள்?

கடைசியில் ஒரு இளம் நரம்பியல் டாக்டரிடம் நானே கூட்டிப்போனேன். அவர் அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, மாமியாரைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அம்மா, மருமக வலது குதிங்காலுக்கு அடியில உங்க கைய வைங்க" என்றார். அப்புறம் அவளிடம், அந்தக் காலைக் கட்டிலோடு அழுத்தச் சொன்னார். அழுத்தம் இல்லை. "அத விட்ருங்க. இப்ப இடது கால மட்டும் மேல தூக்குங்க, நான் அமுக்கிப் பிடிப்பேன், விடாமத் தூக்குங்க" என்றார். அவள் இடது காலைத் தூக்க முக்கினாள். மாமியார் முகம் மாறிவிட்டது. "ஏ யம்மா, என் கைய அமுக்குதே!" என்றாள். விழுந்துபோன வலது கால் தானாகவே கீழே அழுத்துகிறது.

1908இல் சார்லஸ் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்ன சோதனை இது. ஒரு காலைத் தூக்கும்போது மறு கால் கீழே ஊன்றிக்கொள்வது உடம்பின் இயல்பு. மூளையில் கட்டி, ரத்த அடைப்பு என்று வந்து விழுந்த கால் இப்படி ஊன்றாது. வழக்கமாக இந்தச் சோதனையைச் செய்துவிட்டு, பார், மாட்டிக்கொண்டாய் என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வோம். அந்த டாக்டர் அப்படிச் செய்யவில்லை. அவளைத் தூக்கி உட்காரவைத்து, "உங்க கால்ல பலம் அப்படியே இருக்கு. நரம்பு போற பாதையும் சரியா இருக்கு. நீங்க கால நினைச்சு அசைக்கப் போறப்பதான் மூளை தடுமாறுது. நினைக்காதப்ப அது தன்னால வேலை செய்யுது. இப்ப உங்க மாமியாரே கையால பாத்துட்டாங்க" என்றார். மாமியார் அழுதுவிட்டாள். மருமகள் அழவில்லை. நாலு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் தன்னை நம்புகிறார் என்ற தெளிவு அவள் முகத்தில் இருந்தது. அந்தச் சோதனையை நோயாளியிடம் மறைக்காமல் காட்டிக்கொடுப்பதே வைத்தியத்தின் முதல் படி என்று இப்போது நரம்பியல்காரர்கள் எழுதுகிறார்கள்.

அதற்கு முன்னால் எல்லாரும் அவளிடம் தோண்டித் தோண்டிக் கேட்டது, உனக்கு என்ன கவலை என்றுதான். "எனக்கு ஒரு கவலையும் இல்ல அத்தே, கால் வராததுதான் கவல" என்பாள். அவள் சொன்னது உண்மை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடு ஹிஸ்டீரியா என்ற பெயரை 1980இல் விட்டுவிட்டது. 2013 பதிப்பில், மனவேதனை ஒன்றைக் காட்டியே ஆக வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டது. செயல்சார் நரம்பியல் கோளாறு என்ற பெயரைச் சேர்த்தது. ஹூவர் சோதனை மாதிரி நேரடியான அடையாளங்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஸ்கேன் சுத்தமாக இருப்பதை வைத்து அல்ல. சிறுவயதில் வன்முறைக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளானவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்பது உண்மை. எல்லாருக்கும் அப்படி ஒரு கதை இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு சுளுக்கு, ஒரு மயக்கம், ஒரு ஒற்றைத் தலைவலிகூடத் தொடக்கமாக அமைந்துவிடும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதை அவளுக்கு நான் அவளுடைய சொளகை வைத்தே சொன்னேன். நாளுக்கு எழுநூறு, எண்ணூறு பீடி சுற்றுகிறவள். இலையை எடுத்துத் தூளைப் பரப்பி, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றிப் போடுவாள். கண் டி.வி.யில் இருக்கும், வாய் மகனை அதட்டும், கை தன்பாட்டுக்கு ஓடும். "இப்ப எந்த விரல் மடக்குது, பார்த்துச் சொல்லு" என்றேன். பார்த்தாள். இலை கிழிந்து தூள் மடியில் கொட்டியது. "பாத்தா வரமாட்டேங்கு அத்தே" என்றாள். நடையும் அப்படித்தான். குழந்தையில் பழகிய பிறகு நடப்பதை நாம் நினைத்துச் செய்வதில்லை. கணுக்கால் வலித்த பத்து நாளும் அவள் ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்துப் பயந்து வைத்தாள். அந்தக் கவனம் வலி போன பிறகும் காலை விடவில்லை. பின்னால் நடப்பது பழகாத நடை. அந்தப் பயம் அதில் ஒட்டவில்லை, அதனால் கால் வந்தது.

ஆராய்ச்சிக்காரர்கள் இதற்குச் சொல்லும் விளக்கம் இதைவிட ஆழமானது. மூளை வருவதை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் உறுப்பு இல்லை. அடுத்து என்ன வரும் என்று எப்போதும் முன்கூட்டிக் கணக்குப் போடுகிறது. ராத்திரி படித்துறையில் இறங்கும்போது இன்னொரு படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே தரை இருந்தால் உடம்பே தூக்கிவாரிப் போடும் அல்லவா, அது கணக்குப் பிசகியதால்தான். மார்க் எட்வர்ட்ஸும் கூட்டாளிகளும் 2012இல் இதை வைத்து ஒரு விளக்கம் கொடுத்தார்கள். கால் வராது, கை நடுங்கும் என்ற கணக்கு மூளைக்குள் ஆழமாகப் பதிந்து, கவனமும் அதிலேயே குவிந்துவிட்டால், கால் அனுப்பும் உண்மைச் செய்தி தோற்றுப்போகும். கணக்கு ஜெயித்துவிடும். அது நோயாளியின் சம்மதம் கேட்டு நடப்பதில்லை.

நடிப்பா என்ற கேள்விக்கும் ஸ்கேனில் பதில் தேடியிருக்கிறார்கள். 2010இல் வாலரி வூனும் கூட்டாளிகளும் இப்படி நடுக்கம் வருகிறவர்களையே வேண்டுமென்று கையை நடுக்கச் சொல்லி, தானாக வரும் நடுக்கத்தோடு ஒப்பிட்டார்கள். கை இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் நடுங்கியது, மூளை ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. தானாக வரும் நடுக்கத்தின்போது வலது காதுக்கு மேலே, பொட்டு மடலும் உச்சி மடலும் சேரும் இடத்தில் வேலை குறைந்திருந்தது. இதைச் செய்வது நான்தான் என்ற உணர்வுக்கு வேண்டிய இடம் அது. பயத்தைக் கையாளும் அமிக்டலாவும் அசைவைத் திட்டமிடும் பகுதியும் இவர்களிடம் வழக்கத்தைவிட நெருக்கமாகப் பேசிக்கொள்கின்றன என்றும் அதே குழு காட்டியது. இவை சிறிய ஆய்வுகள். இதை வைத்து ஒரு நோயாளிக்கு ஸ்கேன் எடுத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாத காலத்தில் ஷார்கோ இருக்கிறது என்று சொன்ன அந்தக் கோளாற்றின் நிழல் இப்போது திரையில் விழ ஆரம்பித்திருக்கிறது.

கோயில் கொடை விழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலர் படித்த வேகத்தில் சாமியாடுகிறவர்களையும் இதில் சேர்த்துவிடுகிறார்கள். வில்லுப்பாட்டுச் சூடுபிடிக்கும்போது சுடலைமாடனுக்கு ஆடுகிறவர் ஊர் ஒப்புக்கொண்ட நேரத்தில் ஆடுகிறார், திருநீறு கொடுக்கிறார், விடிந்தால் வயலுக்குப் போகிறார். அது நோய் இல்லை. வேண்டாத நேரத்தில் வந்து, வேலையையும் பிள்ளைகளையும் மானத்தையும் பறித்துக்கொண்டு போவதுதான் நோய். வீட்டார் வந்து, இசக்கி பிடித்திருக்கிறது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். சிரித்தால் உங்களிடம் மிச்சத்தைச் சொல்ல மாட்டார்கள்.

இனி நான் உங்களிடம் கேட்பது.

அமோனியாவை நிறுத்துங்கள். இன்றைக்கே. உதறும் பெண்ணைப் பக்கவாட்டில் சாய்த்து, தலை அடிபடாமல் பார்த்து, சர்க்கரை அளவும் ஆக்ஸிஜன் அளவும் பாருங்கள். கண் இறுக மூடியிருப்பது, தலை பக்கவாட்டில் ஆடுவது, நின்று நின்று மறுபடி வருவது, நெடுநேரம் நீடிப்பது எல்லாம் உதவும் அடையாளங்கள். ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். காக்கா வலிப்பும் இதுவும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே இருப்பதுண்டு. சந்தேகமாக இருந்தால் வீட்டாரிடம் செல்போனில் படம் எடுத்துவைக்கச் சொல்லி, படம் பிடித்தபடியே மூளையின் மின்னலையைப் பதிவுசெய்யும் வீடியோ ஈ.ஈ.ஜி. இருக்கிற இடத்துக்கு அனுப்புங்கள். வலிப்புதான் என்று அவசரப்பட்டு ஊசிக்கு மேல் ஊசி போட்டு, மூச்சு அடங்கித் தொண்டையில் குழாய் இறக்கும் வரை போனவர்களும் உண்டு. அவளைக் கேலி செய்துவிடுவோமோ என்று பயந்து, ஊசியை அள்ளிப் போடும் இந்தப் பக்கமும் விழுந்துவிட வேண்டாம்.

அவளிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசுங்கள். மாமியாரையும் புருஷனையும் வெளியே நிறுத்திவிட்டு, வீட்டில் யாரும் அடிக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் நம்புங்கள். நாலு மாதக் கல்யாணப் பெண்ணிடம் அன்றைக்கு நான் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

கேஸ் ஷீட்டில் அந்த மூன்று எழுத்தை எழுதாதீர்கள். வீட்டாரைக் கூப்பிட்டு, அவள் காதில் விழும்படி இப்படிச் சொல்லுங்கள்: "இது நெசமான நோய். இவங்க நடிக்கல, பேயும் இல்ல. மூளையில கட்டி, அடைப்பு எதுவும் இல்ல. மூளை கைகாலுக்குச் சொல்லுத விதத்துல ஒரு தடுமாத்தம். அதுக்குன்னு பயிற்சி இருக்கு, நல்லாக வாய்ப்பு இருக்கு." இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அப்புறம் ஒரு சீட்டு எழுதுங்கள். நரம்பியல் ஓ.பி.க்கோ, தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் வரும் நாளுக்கோ, பிசியோதெரபிக்கோ. மனநல டாக்டரிடம் அனுப்பும்போது, இவளுக்குப் பைத்தியம் என்று வீட்டார் நினைக்காதபடி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

எல்லாரும் முழுக்கக் குணமாகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பிரிட்டனில் வலிப்பு மாதிரி வரும் 368 பேரிடம் பேச்சுவழிச் சிகிச்சையைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வலிப்பின் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அன்றாட வாழ்க்கை நடத்துவதில் முன்னேற்றம் இருந்தது. இருக்கிற நிலவரம் இதுதான். நம் பீடித் தெருக்காரிக்கு பிசியோதெரபிஸ்ட் பின்னால் நடக்கவைத்து, பக்கவாட்டில் நடக்கவைத்து, பாட்டுக்குத் தாளம் போட்டபடி நடக்கவைத்து, ஆறு வாரத்தில் காலை ஊன்றவைத்தார். இப்போது கடைக்குப் பீடியைத் தலைச்சுமையாகக் கொண்டுபோகிறாள். களைத்துப்போன நாளில் வலது கால் கொஞ்சம் இழுக்கும். அன்றைக்கு மாமியார், "சும்மா பாக்காத காலையே, அந்தால பராக்குப் பாத்து நட" என்று வாசலில் இருந்தே சத்தம் போடுகிறாள்.

1994இல் வந்த பெண்ணின் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை. எந்த ஊர் என்றும் தெரியாது. இருந்தால் இப்போது ஐம்பது வயது இருக்கும்.

எந்த நர்சிங் கல்லூரியிலாவது, எந்த காஷுவால்டியிலாவது ஒரு மணி நேரம் கொடுத்தால் வந்து பேசுகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம். குதிங்காலுக்கு அடியில் கை வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனையைப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.